பெயர்ச்சுவரும் பிரதிபலிப்பும்: வியட்நாம் போர் நினைவுச்சுவரை முன்வைத்து அமெரிக்கப் போர்நினைவு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வாஷிங்டன் நகரில் 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வியட்நாம் போர் வீரர் நினைவுச்சுவர், போரையும் போர்வீரரையும் வேறுவேறாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு நினைவுமுறையை அமெரிக்கப் பொதுவாழ்வில் நிலைநிறுத்தியது. இப்பிரிப்பு, பிளவுபட்டிருந்த ஒரு சமூகம் ஒன்றுகூடித் துக்கம் காக்க வழிசெய்தது. அதே பிரிப்பு, பிற்காலப் போர்களைக் கேள்விக்கு உட்படுத்தாமல் கடந்துசெல்லவும் இடமளித்தது. நினைவுச்சுவரின் வடிவம், அதனை நிகழ்களமாகக் கொண்ட பாபி ஆன் மேசனின் ‘இன் கன்ட்ரி’ புதினம் (1985), யூசெஃப் கொமன்யாக்காவின் ‘ஃபேசிங் இட்’ கவிதை (1988) ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சுவரின் வடிவத்திலேயே பொதிந்திருந்த கேள்விகளை இலக்கியம் காத்துவந்தது. அரசியல் பயன்பாடு அவற்றை மழுங்கச் செய்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வியட்நாம் போர், நினைவகம், மாயா லின், பாபி ஆன் மேசன், யூசெஃப் கொமன்யாக்கா, போர்நினைவு, அமெரிக்க வெளியுறவுக் கொள்கை.

முன்னுரை

வென்ற போருக்கு நினைவகம் எழுப்புவது எளிது. வெற்றியே அதற்குரிய பொருளைத் தந்துவிடும். தோற்ற போருக்கு, அதிலும் நடத்தியிருக்கவே கூடாது எனச் சொந்த மக்களில் பெரும்பகுதியினர் கருதிய போருக்கு, எதை எழுப்புவது? யாரைப் போற்றுவது? 1970களின் இறுதியில் அமெரிக்கச் சமூகம் எதிர்கொண்ட வினா இதுவே.

இவ்வினாவுக்கு விடையாக எழுந்த நினைவுச்சுவர் குறித்து ஏராளமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றை இரு போக்குகளாகப் பகுக்கலாம். சுவரைக் காயம் ஆற்றிய மருந்தாகக் காண்பது முதற்போக்கு. போரின் பொறுப்பிலிருந்து நாட்டைத் தப்பவிட்ட மறைப்பாகக் காண்பது இரண்டாம் போக்கு. இரண்டும் உண்மையின் ஒருபகுதியைச் சொல்வனவே. ஆயினும் இரண்டும் சுவரை முடிந்துபோன ஒரு பொருளாகக் கொள்கின்றன. நினைவகம் என்பது கல்லால் மட்டும் ஆவதன்று; அதன்முன் நிற்போர் அதை வாசிக்கும் முறையாலும் ஆவது. எனவே சுவரை ஒரு பனுவலாகக் கொண்டு, அதை வாசித்த இரு இலக்கியப் பனுவல்களின் துணையோடு அணுகுவது பயன்தரும்.

பிளவுபட்ட சமூகமும் நினைவகத்தின் நிபந்தனையும்

1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய டோன்கின் வளைகுடாத் தீர்மானமே வியட்நாமில் பெரும்படை இறக்குவதற்கான சட்ட அடிப்படையாக அமைந்தது. கீழவையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மேலவையில் இருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். முறையான போர்ப் பிரகடனம் எக்காலத்திலும் செய்யப்படவில்லை. 1969இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 5,40,000ஐத் தாண்டியது.

இப்படையின் கணிசமான பகுதி கட்டாய ஆள்சேர்ப்பினால் திரட்டப்பட்டது. கல்லூரியில் பயில்வோர்க்கு ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. ஆகவே போரின் சுமை உழைக்கும் வர்க்கத்துக் குடும்பங்களின் மீதே மிகுதியாக விழுந்தது. போரின் தொடக்க ஆண்டுகளில் இறந்தோருள் கறுப்பின வீரர்களின் விகிதம், மக்கள்தொகையில் அவர்களுக்கிருந்த விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தது. 1967 ஏப்ரலில் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் போரை வெளிப்படையாகக் கண்டித்தபோது இவ்வேற்றத்தாழ்வையும் சுட்டினார். அதே மாதம் முகமது அலி படையில் சேர மறுத்துத் தம் குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்தார். 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் இறந்தனர். 1971இல் வெளியான பென்டகன் ஆவணங்கள், அடுத்தடுத்து வந்த அரசுகள் போரின் நிலை குறித்து மக்களிடம் உண்மையை மறைத்தமையைப் புலப்படுத்தின.

இத்தகைய சூழலில் திரும்பிவந்த வீரர்கள் இருதரப்பாலும் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தனர். போரை ஆதரித்தோர்க்கு அவர்கள் தோல்வியின் சின்னம்; எதிர்த்தோர்க்கு அவர்கள் குற்றத்தின் சின்னம். அவர்களுடைய உளக்காயத்துக்கு மருத்துவத்துறை ஏற்ற ஒரு பெயர்கூட 1980இல்தான் கிடைத்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு தனி நோயாகச் சேர்க்கப்பட்டது.

வியட்நாமில் போரிட்டுக் காயமுற்ற ஜான் ஸ்க்ரக்ஸ் முன்னின்று 1979இல் நினைவக நிதியத்தைத் தொடங்கினார். 1980இல் நாடாளுமன்றம் லிங்கன் நினைவகத்துக்கு அருகில் இடம் ஒதுக்கியது. வடிவமைப்புப் போட்டிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் இரண்டு இன்றியமையாதவை. இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்பது ஒன்று. போரைப் பற்றி எவ்வகை அரசியல் கருத்தும் கூறப்படக்கூடாது என்பது மற்றொன்று. போரைப் பற்றிப் பேசாமல் போரில் இறந்தோரைப் பற்றி மட்டும் பேசுக என்பதே இவற்றின் சாரம். பிற்கால அமெரிக்கப் போர்நினைவின் இலக்கணம் இவ்விரு நிபந்தனைகளில் வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

சுவரின் வடிவம்

போட்டிக்கு வந்த 1,400க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் பெயர் மறைக்கப்பட்டு மதிப்பிடப்பட்டன. 1981 மே மாதம் தேர்வானது, யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த 21 வயது மாணவி மாயா லின் அளித்த வடிவம். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் இரு கறுப்பு கிரானைட் சுவர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 மீட்டர் நீளம். இரண்டும் சந்திக்கும் கோணத்தில் உயரம் ஏறத்தாழ 3 மீட்டர். அங்கிருந்து இருபுறமும் படிப்படியாகக் குறைந்து முனைகளில் புல்தரையோடு கலந்துவிடும். ஒரு சுவர் வாஷிங்டன் நினைவுத்தூணையும் மற்றது லிங்கன் நினைவகத்தையும் நோக்கி நீள்கின்றன. இக்கல் பெங்களூருப் பகுதியில் வெட்டியெடுக்கப்பட்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து மெருகேற்றப்பட்டது.

சுவரில் இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவற்றோடு படைப்பதவி இல்லை, படைப்பிரிவு இல்லை, விருது இல்லை, ஊர் இல்லை. தளபதியும் கடைநிலை வீரரும் ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றனர். கையறுநிலைப் பாடல் இறந்தோன் செயலைச் சொல்லி இரங்கும். இச்சுவரோ செயலைச் சொல்லாமலே இரங்குகிறது. இரங்கல் உண்டு, புகழுரை இல்லை.

பெயர்களின் வரிசைமுறை தனித்த கவனத்துக்குரியது. அகரவரிசை கையாளப்படவில்லை. இறந்த நாளின் வரிசையில், 1959இல் தொடங்கும் பெயர்கள் நடுக்கோணத்திலிருந்து கிழக்குமுனை வரை செல்கின்றன. பின்னர் மேற்குமுனையில் தொடர்ந்து, 1975இல் மீண்டும் நடுக்கோணத்தில் வந்து முடிகின்றன. முதற்பெயரும் இறுதிப்பெயரும் அருகருகே நிற்கின்றன. போர்ப் பிரகடனம் இல்லாத ஒரு போருக்குச் சட்டத்தால் தொடக்கநாள் குறிக்க இயலாது; அந்நாளைச் சுவரில் குறித்தவை மரணங்களே. சைகோன் 1975 ஏப்ரல் 30 அன்று வீழ்ந்தது. ஆயினும் சுவரின் இறுதிப்பெயர்கள் அதற்குப் பின் மே மாதத்தில், கம்போடியக் கடற்பகுதியில் மயாகேஸ் கப்பல் தொடர்பான மோதலில் இறந்தோர்க்குரியவை. போர் முடிந்தபின்னும் சாவு முடியவில்லை என்பதைக் காலவரிசை தானாகவே உணர்த்துகிறது.

இவ்வடிவம் அரசியல் கருத்து ஏதும் கூறவில்லை என்பது உண்மையே. எனினும் கூறாமை வேறு, மறைத்தல் வேறு. நாள்வரிசையில் நடப்பவர், 1965 முதல் பெயர்கள் அடர்வதையும் 1968இல் பலகை பலகையாக நிறைவதையும் தம் கால்களாலேயே அளக்கிறார். ‘ஏன் இத்தனை?’ என்னும் கேள்வியைச் சுவர் எழுதவில்லை, நடப்பவரிடம் எழுப்புகிறது. மெருகேற்றிய கல்லில் பெயர்களின் ஊடே காண்போரின் முகமும் தெரிகிறது. இறந்தோரைப் படிக்கும்போதே படிப்பவர் தம்மையும் காண நேர்வதால், வெளியே நின்று பார்க்கும் வசதி எவர்க்கும் இல்லை.

எதிர்ப்பும் சமரசமும்

வடிவம் அறிவிக்கப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. கறுப்பு நிறம், தாழ்ந்த அமைப்பு, வீரத்தைச் சொல்லும் உருவமின்மை ஆகியவை குறைகளாகக் கூறப்பட்டன. முன்னாள் வீரர் டாம் கார்ஹார்ட் அதனை வெட்கத்தின் கரிய வடு என்னும் பொருள்படச் சாடினார். போட்டிக்கு நிதியுதவி செய்திருந்த தொழிலதிபர் ராஸ் பெரோவும் எதிரணியில் சேர்ந்தார். சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவரான மாயா லினின் இனப்பின்னணியும் ஏளனத்துக்கு உள்ளானது. ஆசிய மண்ணில் நடந்த போரின் நினைவகத்தை ஆசிய முகமுடைய அமெரிக்கப் பெண் வடிவமைப்பதா என்னும் மனத்தடை, அப்போர் அமெரிக்கச் சமூகத்தில் விட்டுச்சென்ற இனப்பார்வையையும் வெளிக்காட்டியது.

உள்துறைச் செயலர் ஜேம்ஸ் வாட் கட்டுமான அனுமதியைத் தாமதப்படுத்தினார். முடிவில் ஒரு கொடிக்கம்பமும், ஃபிரெடரிக் ஹார்ட் வடித்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் சேர்க்கப்படும் என்னும் சமரசம் எட்டப்பட்டது. சுவர் 1982 நவம்பர் 13 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. சிலை 1984 நவம்பரில் திறக்கப்பட்டது. போரில் பணியாற்றிய பெண்களுக்கான கிளென்னா குடேக்கரின் சிலை 1993இல் அமைந்தது.

இச்சேர்க்கைகள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. பெயரும் வெற்றிடமும் எழுப்பும் கேள்வியைப் பலரால் தாங்க இயலவில்லை. அதற்கு விடையாக உருவம் தேவைப்பட்டது. சிலையில் வீரர் களைத்திருக்கிறார், ஆனால் உயிரோடு இருக்கிறார். சுவரில் அவர் இல்லை. வீரரைப் போற்றும் நினைவும் இழப்பை எண்ணும் நினைவும் ஒரே வளாகத்தில் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. பின்வந்த நினைவகங்கள் பெரும்பாலும் முதல்வழியையே பின்பற்றின. 1995இல் திறந்த கொரியப் போர் நினைவகத்தில் 19 வீரர் சிலைகள் அணிவகுக்கின்றன. 2004இல் திறந்த இரண்டாம் உலகப்போர் நினைவகத்தில் 4,048 பொன்விண்மீன்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு விண்மீன் 100 பேரின் இறப்பைக் குறிக்கும்.

மேசனின் புதினத்தில் சுவர்

‘இன் கன்ட்ரி’ என்பது வியட்நாம் மண்ணில் இருப்பதைக் குறிக்க அமெரிக்க வீரர்கள் வழங்கிய சொல். அச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட மேசனின் புதினம், 1984ஆம் ஆண்டுக் கோடையில் கென்டக்கி மாநிலச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. பள்ளிப்படிப்பை முடித்த சாம் ஹியூஸ் என்னும் பெண், தான் பிறக்கும் முன்பே வியட்நாமில் இறந்துபோன தந்தையை அறிய முயல்கிறாள். அவளுடன் வாழும் தாய்மாமன் எம்மெட், போரிலிருந்து திரும்பி எவ்வேலையிலும் நிலைகொள்ளாதவன். அவன் முகத்தில் தோன்றும் கொப்புளங்கள் ஏஜென்ட் ஆரஞ்சு என்னும் நச்சுத் தெளிப்பால் வந்தவையோ என அவள் அஞ்சுகிறாள்.

புதினத்தின் திருப்பம் தந்தையின் நாட்குறிப்பைச் சாம் படிக்கும் இடத்தில் நிகழ்கிறது. எதிரியின் பிணத்தைப் பற்றியும் கொல்லுதலைப் பற்றியும் அவர் இயல்பாக எழுதியிருப்பதைக் கண்டு அவள் அருவருப்படைகிறாள். அதுவரை அவள் கட்டியெழுப்பிய அப்பாவித் தந்தையின் படிமம் உடைகிறது. தந்தை சாவுக்கு இரையானவர் மட்டுமல்லர். சாவை விளைவித்தவரும் ஆவார். சதுப்புநிலத்தில் தனியே ஓரிரவைக் கழித்துப் போரை உணர முயலும் அவளைத் தேடிவரும் எம்மெட், இறந்த தோழர்களின் உடல்களுக்கு அடியில் மறைந்து உயிர்தப்பியதை முதன்முறையாகச் சொல்லிக் கதறுகிறான்.

இவற்றுக்குப் பின்னரே அவர்கள் சாமின் பாட்டியோடு வாஷிங்டன் சென்று சுவரின்முன் நிற்கின்றனர். இவ்வரிசை முதன்மையானது. நாட்குறிப்பு இன்றிச் சுவர் மட்டும் இருந்திருந்தால், சாமுக்குக் கிடைத்திருக்கக்கூடியது குற்றமற்ற ஒரு பெயர் மட்டுமே. தந்தை செய்ததை அறிந்தபின் அப்பெயரைத் தொடுவது வேறுவகைத் துக்கம். அது தீர்ப்பைத் தவிர்க்கும் துக்கமன்று, தீர்ப்பைக் கடந்துவரும் துக்கம். தந்தையின் பெயரைக் கண்டபின் சாம், தன் பெயரையே கொண்ட வேறொரு வீரரின் பெயரையும் சுவரில் காண்கிறாள். போருக்குப் பின் வளர்ந்த தலைமுறையும் அப்போருக்கு வெளியே இல்லை என்பதை மேசன் ஒரு பெயரொப்புமையின் மூலம் நிறுவுகிறார்.

எம்மெட்டின் நிலை சுவரின் வரம்பையும் காட்டுகிறது. போர்க்களத்தில் இறந்தோரும் அங்குற்ற காயத்தால் இறந்தோருமே சுவரில் இடம்பெறத் தகுதியுடையோர். நச்சுத் தெளிப்பின் பின்விளைவாலும் மனச்சிதைவாலும் பின்னர் மாண்டோர்க்கு அதில் இடமில்லை. அவர்களுக்கென ஒரு தனிப் பலகை 2004இல்தான் வைக்கப்பட்டது. சுவர் எண்ணாத சாவுகளை மேசனின் புதினம் 1985இலேயே எண்ணத் தொடங்கிவிட்டது.

கொமன்யாக்காவின் கவிதையில் சுவர்

லூசியானா மாநிலத்தில் பிறந்த கறுப்பினக் கவிஞரான கொமன்யாக்கா, வியட்நாமில் இராணுவ இதழ் ஒன்றின் செய்தியாளராகப் பணியாற்றியவர். 1988இல் வெளிவந்த அவருடைய போர்க்கவிதைத் தொகுப்பு ‘தியென் காய் தாவ்’ என்னும் தலைப்பைக் கொண்டது. தலை பிறழ்ந்தவர் என்னும் பொருளில், அமெரிக்க வீரர்களைக் குறிக்க வியட்நாமியர் வழங்கிய சொற்றொடர் அது. அமெரிக்கர் தம்மை எவ்வாறு நினைவுகொள்கின்றனர் என்பதற்கு முன்னரே, அவர்கள் பிறரால் எவ்வாறு பார்க்கப்பட்டனர் என்பதைத் தலைப்பு பதிவுசெய்துவிடுகிறது. வாஷிங்டன் சுவரில் இடம்பெறாத வியட்நாமியக் குரல், இத்தொகுப்பின் அட்டையிலேயே ஒலிக்கிறது.

தொகுப்பின் இறுதிக்கவிதை ‘ஃபேசிங் இட்’. அதன் கூற்றாளர் சுவரின்முன் நிற்கும் முன்னாள் வீரர். அவருடைய கறுத்த முகம் கறுப்புக் கல்லில் கரைந்து மறைகிறது. இக்காட்சிக்கு இரு பொருள்கள் உண்டு. உயிர்பிழைத்தவர் இறந்தோருள் ஒருவராகிவிடும் குற்றவுணர்வு ஒருபுறம். கறுப்பின வீரரின் தனித்தன்மை தேசத்தின் பொதுத் துக்கத்துள் புலப்படாமற்போவது மறுபுறம். பதவியும் இனமும் குறிக்காத பெயர்வரிசை சமத்துவத்தை வழங்குகிறது. அதே வரிசை, அவர்களைப் போருக்கு அனுப்பிய முறையில் இருந்த சமமின்மையை மறைத்தும் விடுகிறது. வெள்ளை நிறக் கல்லில் இக்கவிதை நிகழ்ந்திருக்க இயலாது. கல்லின் நிறமே இங்குக் கவிதையின் பொருளாகிறது.

கவிதை முழுவதும் கூற்றாளரின் பார்வை ஏமாறிக்கொண்டே இருக்கிறது. ஒளி மாறும்போது அவர் ஒருகணம் கல்லுக்கு உள்ளே இருக்கிறார், மறுகணம் வெளியே. பெயர்களை அழிப்பதாகத் தோன்றும் ஒரு பெண்ணின் கையசைவு, சிறுவன் ஒருவனின் தலைமுடியை ஒழுங்குசெய்யும் அன்றாடச் செயலாகத் தெளிகிறது. இம்முடிவை ஆறுதலாக மட்டும் வாசிப்பது போதாது. பெயர்கள் அழியவில்லை, ஆனால் அச்சிறுவன் அடுத்த தலைமுறை. அவன் பெயர் நாளை எச்சுவரில் எழுதப்படும் என்னும் வினா, சொல்லப்படாமலே கவிதையின் விளிம்பில் நிற்கிறது.

இடம்பெறாத பெயர்கள்

வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அப்போரில் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம். வடதரப்புப் போராளிகள் ஏறத்தாழ 11 இலட்சம். அமெரிக்காவின் கூட்டாளியாகப் போரிட்ட தென்வியட்நாம் படையினரும் இலட்சக்கணக்கில் மாண்டனர். இவர்களுள் எவர் பெயரும் வாஷிங்டன் சுவரில் இல்லை. ஒரு நாடு தன் வீரர்க்கு எழுப்பும் நினைவகத்தில் பிறநாட்டார் பெயர் இடம்பெறுவது வழக்கமன்று என்னும் வாதம் எழலாம். ஆனால் 2022இல் கொரியப் போர் நினைவகத்தில் சேர்க்கப்பட்ட நினைவுச்சுவரில், அமெரிக்க வீரர்களுடன் அவர்தம் படைகளில் இணைந்து பணியாற்றிய 7,000க்கும் மேற்பட்ட கொரியரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே இது வழக்கத்தின் தடையன்று, நினைவின் தெரிவு.

சிற்பி கிறிஸ் பர்டன் 1991இல் உருவாக்கிய ‘மற்றொரு வியட்நாம் நினைவகம்’ என்னும் படைப்பு இவ்விடைவெளியைக் காட்சிப்படுத்தியது. பெரிய செப்புத்தகடுகளில் 30 இலட்சம் வியட்நாமியப் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இறந்தோரின் முழுப்பட்டியல் இல்லாமையால், தொலைபேசிக் கையேடுகளில் இருந்த வியட்நாமியப் பெயர்களைக் கணினியால் மாற்றிமாற்றி இணைத்து அவர் அவற்றை உருவாக்கினார். ஒருதரப்பில் ஒவ்வொரு பெயரும் சரிபார்க்கப்பட்டது. மறுதரப்பில் பெயர்களையே புனைய வேண்டியிருந்தது. துக்கத்துக்கு உரியவர் யார் என்னும் வேறுபாடு இதைவிடத் தெளிவாக வெளிப்படுதல் அரிது.

வியட்நாமில் பிறந்து அகதியாக அமெரிக்கா சென்ற எழுத்தாளர் வியெட் தான் நுயென், 2016இல் வெளியிட்ட போர்நினைவு குறித்த நூலில் இச்சிக்கலை விரிவாக விவாதித்துள்ளார். தம்மவரை மட்டும் நினைப்பதும் பிறரை மட்டும் நினைப்பதும் குறைபாடுடையவை என்றும், இருதரப்பாரிடமும் உள்ள மனிதத்தன்மையையும் கொடுமையையும் ஒருசேர ஏற்பதே நினைவின் அறம் என்றும் அவர் வாதிடுகிறார். சாம் தன் தந்தையின் நாட்குறிப்பில் எதிர்கொண்டது இவ்வறத்தின் தொடக்கமே என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் மேசனின் புதினத்திலும் வியட்நாமியர் நாட்குறிப்பின் வரிகளுக்குள் பிணமாகவே வருகின்றனர். பெயரும் குரலும் பெறுவதில்லை. இலக்கியம் சுவரைவிட ஓரடி முன்சென்றது. ஆயினும் முழுத்தொலைவைக் கடக்கவில்லை.

நினைவிலிருந்து கொள்கைக்கு

வியட்நாம் போரின் படிப்பினையாகச் சட்டநிலையில் விளைந்தவை மூன்று. 1971இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. போருக்கு அனுப்பத்தக்க வயதினர் வாக்களிக்கத் தகுதியற்றவரா என்னும் நெடுநாள் வாதத்துக்கு அப்போர் வலுவூட்டியது. 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு கைவிடப்பட்டு விருப்பப்படைமுறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத்தலைவர் நிக்சனின் மறுப்பாணையை மீறிப் போர் அதிகாரத் தீர்மானம் நிறைவேறியது. அதன்படி படைகளைப் போர்ச்சூழலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் ஒப்புதல் இன்றி 60 நாட்களுக்குமேல் தொடர்தல் கூடாது.

இவற்றுள் மூன்றாவது போரைக் கட்டுப்படுத்த முயன்றது. இரண்டாவதன் விளைவு எதிர்த்திசையில் அமைந்தது. கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தவரை, போர் ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலையும் தட்டக்கூடியது. எதிர்ப்புக்கு அதுவே அடித்தளம். இன்று அமெரிக்க மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானோரே முழுநேரப் படைப்பணியில் உள்ளனர். ஏனையோர்க்குப் போர் என்பது தொலைவில் நிகழும் செய்தி.

இச்சூழலில்தான் சுவர் நிலைநிறுத்திய பிரிப்பு புதிய பயனைப் பெற்றது. போர் எதுவாயினும் வீரரைப் போற்றுக என்பது பொது ஒழுக்கமாயிற்று. வியட்நாம் வீரர்க்கு மறுக்கப்பட்ட வரவேற்புக்கு இது கழுவாய் எனலாம். ஆயினும் வீரரை ஆதரித்தலும் போரை ஆதரித்தலும் பேச்சுவழக்கில் ஒன்றோடொன்று கலந்தன. போரை வினவுவது வீரரை அவமதிப்பதாகக் கொள்ளப்பட்டது. 1984 நவம்பரில், மூன்று வீரர் சிலை திறந்த அதே மாதத்தில், பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் படைகளை அயல்நாட்டில் இறக்குவதற்கான நிபந்தனைகளை அறிவித்தார். இன்றியமையா நலன், தெளிவான குறிக்கோள், மக்கள் ஆதரவு, இறுதிவழியாக மட்டும் போர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இது வியட்நாம் கற்பித்த எச்சரிக்கை. ஆனால் 1991 வளைகுடாப் போர் விரைவில் முடிந்ததும், வியட்நாம் தந்த தயக்கம் ஒழிந்தது எனக் குடியரசுத்தலைவர் புஷ் மகிழ்ந்து அறிவித்தார். எச்சரிக்கை நோயாகவும், அதிலிருந்து விடுபடுதல் நலமாகவும் பெயர்மாற்றம் பெற்றன. அதே ஆண்டு, டோவர் விமானத்தளத்துக்கு வந்திறங்கும் வீரர்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை, குடும்பத்தார் இசைவுடன் படமெடுக்கலாம் என 2009இல்தான் தளர்த்தப்பட்டது. வீரர் போற்றப்பட்டார்; அவர் சாவு கண்ணிலிருந்து அகற்றப்பட்டது. சாவை மட்டுமே காட்டிய சுவருக்கு இது நேரெதிர்.

2001 செப்டம்பரில் படைப்பயன்பாட்டுக்கு அதிகாரமளிக்கும் தீர்மானம் கீழவையில் 420 வாக்குகளைப் பெற்றது. எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. 1964இன் நிகழ்வை இது நினைவூட்டுகிறது. ஆப்கானியப் போர் 20 ஆண்டுகள் நீடித்தது. ஒரு போர் முடிந்து 10 ஆண்டுகள் கழிந்த பின்னரே வாஷிங்டனில் அதற்கு நினைவகம் எழுப்பலாம் என்பது சட்டம். 2017இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம், பயங்கரவாதத்துக்கு எதிரான போரின் நினைவகத்துக்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளித்தது. முடியாத போருக்கு நினைவகம் என்பது முரண்தொடர்போல் ஒலிக்கும். ஆனால் முடிவு எப்போது என எவராலும் கூற இயலாத போர்முறையின் இயல்பான விளைவே அது. வியட்நாம் சுவரின் வளைவு தொடக்கத்தையும் முடிவையும் அருகருகே நிறுத்தியது. இனி எழுப்பப்படும் நினைவகத்தில் இறுதிப்பெயருக்கு எங்கே இடம் விடுவது?

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி பின்வருவன தெளிவாகின்றன. போரையும் வீரரையும் பிரித்துக் காணும் நினைவுமுறை, வியட்நாம் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் உண்மையான தேவையிலிருந்து பிறந்தது. அதை வெறும் சூழ்ச்சியாகக் கருதுவது அச்சுவரின்முன் அழுதவர்களுக்கு இழைக்கும் அநீதி. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை மக்கள் அதன் அடியில் விட்டுச்சென்றுள்ளனர் என்பதே அத்தேவையின் அளவு.

எனினும் பிரித்துக் காண்பது துக்கத்தின் தொடக்கமாகலாமேயன்றி அதன் முடிவாகாது. மாயா லினின் வடிவம் தீர்ப்புக் கூறவில்லை. தீர்ப்புக்குரிய சான்றுகளை நாள்வரிசையில் அடுக்கிவைத்து, காண்போரின் முகத்தையும் அதனுள் சேர்த்தது. மேசனின் புதினம், குற்றத்தை அறிந்தபின் நிகழும் துக்கமே முழுமையானது எனக் காட்டியது. கொமன்யாக்காவின் கவிதை, பொதுத் துக்கத்துள் கரைந்துபோகும் முகத்தை மறைய விடாமல் நிறுத்தியது. பர்டனும் நுயெனும் இடம்பெறாத பெயர்களைச் சுட்டினர். பொதுவாழ்வும் அரசியலும் இவற்றுள் துக்கத்தை ஏற்றுக் கேள்விகளைக் கைவிட்டன.

ஆகவே குறை கல்லில் இல்லை, வாசிப்பில் உள்ளது. இச்சுவரை நாள்வரிசையில் நடந்து, ஒவ்வோராண்டும் பெயர்கள் ஏன் பெருகின என வினவிப் படிக்கும்போது அது போரைப் பற்றியும் பேசுகிறது. ஒரு பெயரை மட்டும் தேடித் தொட்டுத் திரும்பும்போது அது வீரரைப் பற்றி மட்டும் பேசுகிறது. இவ்விரு வாசிப்புகளும் ஒருங்கே நிகழும் இடமாக இலக்கியம் இருந்துவந்துள்ளது. அவ்விலக்கியத்தை நினைவகத்தோடு சேர்த்து வாசிப்பது, போர்நினைவு குறித்த ஆய்வுகளுக்கு இன்றியமையாததாகிறது.